நீரின் மேல் வாழ்ந்த நீர்மூழ்கி



போர்க்கருவிகளைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றைப் பிடித்துக்கொள்வார்கள். நீளம் எத்தனை, வேகம் எத்தனை, குண்டு எத்தனை என்று அடுக்கிக்கொண்டே போவது ஒரு வழி. வீரக்கதை சொல்வது இன்னொரு வழி. இரண்டையும் தனித்தனியாக வைத்தால் இரண்டுமே அரைகுறை ஆகிவிடும். வரைபட மேசையில் ஒரு பொறியாளர் போடும் கோடு, ஐந்தாறு ஆண்டுகள் கழித்து நடுக்கடலில் யார் பிழைப்பார், யார் மாள்வார் என்பதைத் தீர்மானிக்கிறது. அதை எடுத்துக்காட்ட, இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி கட்டிய ஏழாம் வகை நீர்மூழ்கியைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை. ஆகவே அதையே இன்றைய பொருளாக எடுத்துக்கொண்டேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீர்மூழ்கி என்று பெயர்தானே தவிர, அந்தப் படகு வாழ்ந்தது நீரின் மேல்தான். மேலே ஓடியது, மேலே நின்று போரிட்டது. ஆபத்து வந்தபோது மட்டும் சிறிதுநேரம் கீழே போய் ஒளிந்தது. 1940இல் அது பெற்ற வெற்றிக்குக் காரணம் இது. 1943இல் அது அழிந்ததற்கும் காரணம் இதுவே.

முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனி நீர்மூழ்கியே வைத்திருக்கக் கூடாது என்று 1919ஆம் ஆண்டின் வெர்சாய் உடன்படிக்கை தடை போட்டது. கப்பல்களைப் பறிக்க முடிந்தது; கட்டத் தெரிந்தவர்களின் அறிவைப் பறிக்க முடியவில்லை. 1922இல் நெதர்லாந்தின் ஹேக் நகரில் ஒரு கப்பல் வடிவமைப்பு அலுவலகம் திறக்கப்பட்டது. பெயர் டச்சுப் பெயர்; உள்ளே இருந்தவர்கள் ஜெர்மன் நீர்மூழ்கிப் பொறியாளர்கள். அவர்கள் ஃபின்லாந்துக்கு வரைந்து கொடுத்தார்கள், ஸ்பெயினுக்கு வரைந்து கொடுத்தார்கள். ஃபின்லாந்தின் துர்க்கு நகரில் கட்டப்பட்ட ‘வெட்டெஹினன்’ வகைப் படகுகளில்தான் பிற்பாடு வரப்போகும் ஏழாம் வகையின் சாயல் முதலில் தெரிந்தது. பிறர் பணத்தில், பிறர் கடலில், தங்களுக்கு வேண்டியதை அவர்கள் சோதித்துப் பார்த்துக்கொண்டார்கள். 1935 ஜூன் 18 அன்று பிரிட்டனே ஜெர்மனியுடன் கடற்படை ஒப்பந்தம் செய்துகொண்டு தடையை நீக்கியபோது, வரைபடங்கள் தயாராக இருந்தன.

அந்த ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. நீர்மூழ்கிகளின் மொத்த எடை, பிரிட்டனின் நீர்மூழ்கிகளின் மொத்த எடையில் 45 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. எண்ணிக்கைக்கு வரம்பில்லை, எடைக்குத்தான் வரம்பு. அப்படியானால் பெரிய படகாகச் சில கட்டுவதா, சிறிய படகாகப் பல கட்டுவதா? சிறியதுதான், பலதான் என்று விடாப்பிடியாக நின்றவர், ஜெர்மன் நீர்மூழ்கிப் படைக்குத் தலைமை ஏற்ற கார்ல் டோனிட்ஸ். முதல் உலகப் போரின் கடைசி மாதங்களில் ‘யூபி-68’ என்ற சிறிய நீர்மூழ்கிக்குத் தளபதியாக இருந்தவர். 1918 அக்டோபரில் மத்தியதரைக் கடலில் ஒரு கப்பல் கூட்டத்தைத் தாக்கச் சென்றபோது, மூழ்கிய படகு நிலைதடுமாறி அந்தக் கூட்டத்தின் நடுவிலேயே மேலெழும்பியது. படகு போயிற்று, அவர் பிரிட்டிஷாரிடம் கைதியானார். அந்த அனுபவத்திலிருந்து இரண்டு பாடங்களை அவர் எடுத்துக்கொண்டார். இரவில் நீர்மேல் நின்று தாக்கும் நீர்மூழ்கியை யாரும் பார்ப்பதில்லை என்பது ஒன்று. கூட்டமாக வரும் கப்பல்களை ஒற்றைப் படகால் ஒன்றும் செய்ய முடியாது, நீர்மூழ்கிகளும் கூட்டமாகவே போக வேண்டும் என்பது மற்றது. இந்த இரண்டுக்கும் ஏற்ற படகு எது? தாழ்வான உருவம், நீர்மேல் நல்ல வேகம், சட்டென்று மூழ்கும் திறன், மலிவு, எண்ணிக்கை. ஏழாம் வகை அத்தனையும் கொண்டிருந்தது.

முதலில் வந்த 7-ஏ வகையில் பத்துப் படகுகள்தான் கட்டினார்கள். எரிபொருள் 67 டன். அட்லாண்டிக் போருக்குப் போதாது. பின்பக்கத்து டார்பிடோக் குழாய், மனிதர்கள் இருக்கும் உறுதிக் கூட்டுக்கு வெளியே இருந்ததால் கடலில் வைத்து அதை மறுபடி நிரப்ப முடியாது. சுக்கானும் ஒன்றே ஒன்று. அடுத்து வந்த 7-பியில் படகை இரண்டு மீட்டர் நீட்டி, எரிபொருளை 108 டன்னாக்கி, சுக்கானை இரண்டாக்கி, அவற்றின் நடுவே சுடும்படி பின்குழாயை உள்ளே கொண்டுவந்தார்கள். இரண்டு உந்துசுழலிகளுக்கும் நேர் பின்னால் ஒவ்வொரு சுக்கான் வந்துவிட்டதால் படகு குறுகிய வட்டத்தில் திரும்பியது. துரத்திவரும் போர்க்கப்பலின் மூக்குக்கு முன்னால் அப்படித் திரும்ப முடிவது உயிர் காக்கும் விஷயம். ஒரு வடிவமைப்பாளரின் கெட்டிக்காரத்தனத்துக்கு இதைவிட நல்ல அடையாளம் வேண்டாம். பிறகு ஒலியுணர் கருவிக்காகக் கட்டுப்பாட்டு அறையைச் சற்றே நீட்டி 7-சி வந்தது. அதுதான் போரின் படகு. 1940 முதல் 1945 வரை கீல், ஹாம்பர்க், பிரேமன், எம்டன், டான்சிக் எனப் பல தளங்களில் 500க்கும் மேற்பட்ட 7-சி படகுகள் இறங்கின. ஹாம்பர்கின் புளோம் உண்ட் ஃபோஸ் தளம், உச்சத்தில் வாரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் கட்டியது. ஏழாம் வகை முழுவதையும் சேர்த்தால் ஏறத்தாழ 700. வேறெந்த வகை நீர்மூழ்கியும் இத்தனை எண்ணிக்கையில் கட்டப்பட்டதில்லை.

இனி எண்கள் சில. இவை இல்லாமல் மேலே பேச முடியாது. 7-சியின் நீளம் 67 மீட்டர். நீர்மேல் எடை 769 டன். 3,000 குதிரைத்திறன் அளவில் இரண்டு டீசல் எஞ்சின்கள் சேர்ந்து நீர்மேல் மணிக்கு 17.7 கடல்மைல் வேகம் கொடுத்தன. பத்துக் கடல்மைல் வேகத்தில் போனால் 8,500 கடல்மைல் வரை ஓடும். கீழே போனால் கதையே வேறு. அங்கே டீசலுக்குக் காற்று கிடையாது. பேட்டரியில் ஓடும் மின்மோட்டார்தான். உச்ச வேகம் 7.6. அந்த வேகத்தில் பேட்டரி சீக்கிரமே வடிந்துவிடும். நான்கு கடல்மைல் வேகத்தில் ஊர்ந்தால் 80 கடல்மைல், அதாவது இருபது மணி நேரம். மேலே 8,500, கீழே 80. மாணவர்கள் இந்த இரண்டு எண்களை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும், இந்தப் படகின் முழு வரலாறும் அவற்றுக்குள் அடங்கியிருக்கிறது. மிக மெதுவான வணிகக் கப்பல் கூட்டம்கூட ஏழு கடல்மைல் வேகத்தில் போகும். ஆக, மூழ்கியிருக்கும் படகால் எந்தக் கூட்டத்தையும் தொடர்ந்து போக முடியாது. வேட்டையாட வேண்டுமென்றால் மேலே வந்தே ஆக வேண்டும்.

உள்ளே எப்படி இருந்தது என்று பார்ப்போம். ஜெர்மனியில் கீல் நகருக்கு அருகே லாபோ கடற்கரையில் ‘யூ-995’ என்ற ஏழாம் வகைப் படகு 1972 முதல் அருங்காட்சியகமாக நிற்கிறது. இந்த வகையில் இன்றும் முழுசாக நிற்பது அது ஒன்றுதான். 67 மீட்டர் நீளம் என்றேன், அது வெளிக்கூடு. மனிதர்கள் இருந்த உறுதிக் கூட்டின் நீளம் 50 மீட்டர், அகலமான இடத்தில் விட்டம் 4.7 மீட்டர். நம் ரயிலின் இரண்டு பெட்டிகளை ஒட்டிவைத்தால் வரும் நீளத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். அதற்குள் 44 முதல் 50 பேர், ஏழெட்டு வாரங்கள்.

முன்னறையில் நான்கு டார்பிடோக் குழாய்கள். ஒவ்வொரு டார்பிடோவும் ஏழு மீட்டர் நீளம், ஒன்றரை டன்னுக்கு மேல் எடை. மொத்தம் பதினான்கு. கூடுதல் டார்பிடோக்கள் தரையடியிலும், சில நேரம் தரைமேலேயே கட்டியும் கிடக்கும். அவற்றின் மேல்தான் மாலுமிகளின் படுக்கை. ஒருவன் காவலுக்கு எழுந்து போனால் அவன் சூடு ஆறாத படுக்கையில் அடுத்தவன் வந்து விழுவான். மின்சார டார்பிடோவின் பேட்டரியைச் சில நாட்களுக்கு ஒருமுறை சரிபார்த்தாக வேண்டும். அதற்குக் குழாயிலிருந்து அதைச் சங்கிலியில் இழுத்து வெளியே எடுக்க வேண்டும்; அந்த நேரம் படுக்கைகளெல்லாம் மடக்கப்படும், தூங்கியவர்கள் எழுந்து நிற்பார்கள். தளபதிக்கென்று தனி அறை கிடையாது. நடைவழியை ஒட்டி ஒரு கட்டில், ஒரு பச்சைத் திரைச்சீலை. எதிரே ஒலிகேட்கும் அறையும் வானொலி அறையும். திரைக்குப் பின்னால் படுத்திருந்தாலும் அவர் காதுகள் வேலை செய்துகொண்டே இருக்கட்டும் என்பதற்கான ஏற்பாடு அது.

கழிவறைகள் இரண்டு. புறப்படும்போது ஒன்று முழுக்க உணவுப்பொருள் அடைத்திருக்கும். அது தீரும்வரை ஐம்பது பேருக்கு ஒன்றுதான். ஆழம் கூடினால் வெளியே நீரழுத்தம் கூடும், கழிவைத் தள்ள முடியாது. குளிப்பதற்கு நன்னீர் கிடையாது. சில வாரங்களில் ரொட்டி மேல் வெள்ளைப் பூஞ்சை பஞ்சுபோல் படரும். அதைச் சுரண்டிவிட்டு நடுவில் இருப்பதை உண்பார்கள். டீசல் வாடை எல்லாவற்றிலும் ஏறியிருக்கும்.

தரைக்கு அடியில், முன்னும் பின்னுமாக, பேட்டரித் தொகுதிகள். கடல்நீர் அவற்றில் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். 1945 ஏப்ரலில் ஸ்காட்லாந்துக் கடலோரத்தில் ‘யூ-1206’ என்ற 7-சி படகில், கழிவறைக் குழாய் வழியே கடல்நீர் புகுந்து பேட்டரியை எட்டியது. மூச்சுத் திணறி மேலே வந்த படகை விமானம் தாக்கியது. படகைக் கைவிட வேண்டியதாயிற்று, நால்வர் இறந்தார்கள். இதை வேடிக்கைச் செய்தியாகச் சொல்பவர்கள் உண்டு. ஒரு குழாய் தவறினாலும் பேட்டரி, பேட்டரி தவறினால் மூச்சு என்ற அளவுக்கு அந்தப் படகில் எல்லாம் எல்லாவற்றோடும் நெருங்கிக் கிடந்தது என்பதற்கான சான்றாகவே நான் அதைப் பார்க்கிறேன்.

வலிமையில் குறை சொல்ல முடியாது. கூட்டின் எஃகுத் தகடு 18.5 மில்லிமீட்டர் தடிமன். 200 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீட்டர் மேலும் 200 டன் அழுத்தம் உட்காரும். அதையும் இந்தப் படகுகள் தாங்கின. பிரிட்டிஷார் இதை எதிர்பார்க்கவில்லை. 1941 ஆகஸ்டில் ஐஸ்லாந்துக்குத் தெற்கே ‘யூ-570’ ஒரு விமானத்திடம் சரணடைந்து அவர்கள் கைக்கு வந்த பிறகே, தங்கள் ஆழவெடிகளை இன்னும் ஆழத்தில் வெடிக்கும்படி அமைக்க வேண்டும் என்பது அவர்களுக்கு உறுதிப்பட்டது.

போர் தொடங்கியபோது ஜெர்மனியிடம் 57 நீர்மூழ்கிகள்தான் இருந்தன. அவற்றிலும் அட்லாண்டிக்குக்கு ஏற்றவை பாதிக்கும் குறைவு. பிரிட்டன் போரில் இறங்கிய முதல் நாளே, 1939 செப்டம்பர் 3 அன்று, ‘யூ-30’ என்ற 7-ஏ படகு ‘அத்தீனியா’ என்ற பயணிக் கப்பலை மூழ்கடித்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஜெர்மனி மறுத்தது, படகின் நாட்குறிப்பில் அந்தப் பக்கமே மாற்றி எழுதப்பட்டது. அக்டோபர் 14 அன்று ‘யூ-47’ ஸ்காட்லாந்தின் ஸ்காப்பா ஃப்ளோ துறைமுகத்துக்குள்ளேயே நுழைந்து ‘ராயல் ஓக்’ போர்க்கப்பலை மூழ்கடித்தது. 800க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆனாலும் இந்தப் படகின் உண்மையான காலம் 1940 ஜூனில் பிரான்ஸ் விழுந்த பிறகுதான் தொடங்கியது. லோரியான், பிரெஸ்ட், சான் நசேர், லா பாலிஸ் துறைமுகங்கள் கைக்கு வந்தன. பிரிட்டனைச் சுற்றிக்கொண்டு போகும் தூரம் மிச்சம். சிறிய படகின் எரிபொருள் குறை அதனால் பெரிதும் தீர்ந்தது.

அந்த அக்டோபரில் கனடாவிலிருந்து வந்த ‘எஸ்சி-7’ என்ற கூட்டத்தில் 35 கப்பல்கள் இருந்தன, இருபது மூழ்கின. தாக்கியவை பெரும்பாலும் 7-பி படகுகள். அவை எப்படித் தாக்கின என்பதைக் கவனிக்க வேண்டும். காவல் கப்பல்களில் இருந்த ஒலியுணர் கருவி, நீருக்கடியில் இருக்கும் பொருளைத்தான் காட்டும். மேலே மிதப்பதைக் காட்டாது. இரவில் தாழ்ந்த உருவத்தோடு மேலே வரும் படகைக் கண்ணாலும் காண முடியாது. கண்டாலும் பிடிக்க முடியாது: பிரிட்டிஷ் ‘ஃப்ளவர்’ வகை கார்வெட் கப்பலின் வேகம் 16, ஏழாம் வகையின் வேகம் 17க்கு மேல். ‘யூ-99’ படகின் ஓட்டோ கிரெட்ஷ்மர் கப்பல் வரிசைகளின் நடுவே புகுந்து, நெருங்கி நின்று சுட்டார். காவலர்களோ கூட்டத்துக்கு வெளியே, நீருக்கடியில், அவரைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

இதற்கு ஒரு மாதம் முன்னால் நடந்த ஒன்றைச் சொல்லாமல் நான் போக மாட்டேன். அதில் நம் நாட்டார் இருக்கிறார்கள்.

‘சிட்டி ஆஃப் பெனாரஸ்’ பம்பாய்க்கும் பிரிட்டனுக்கும் இடையே ஓடுவதற்காக 1936இல் கட்டிய பயணிக் கப்பல். மாலுமிகளில் பெரும்பான்மையோர் இந்தியர். லஸ்கர்கள் என்று அவர்களை அழைப்பார்கள். 1940 செப்டம்பர் 13 அன்று அது லிவர்பூலிலிருந்து கனடாவுக்குப் புறப்பட்டது. குண்டுவீச்சிலிருந்து காப்பாற்றுவதற்காக அனுப்பப்பட்ட 90 குழந்தைகள் அதில் இருந்தனர். 17ஆம் தேதி காவல் கப்பல்கள் விடைபெற்றுப் போயின. அன்று இரவு பத்து மணி அளவில், புயலடித்துக்கொண்டிருந்த கடலில், ‘யூ-48’ என்ற 7-பி படகின் டார்பிடோ அதைத் தாக்கியது. விளக்கணைத்துச் சென்ற கப்பலில் குழந்தைகள் இருந்தது நீர்மூழ்கியில் இருந்தோருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. அரை மணி நேரத்தில் கப்பல் போயிற்று. அதிலிருந்த 400 பேரில் 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். குழந்தைகளில் 77 பேர்.

உயிர்ப்படகுகளில் ஏறியவர்களைக் குளிர் கொன்றது. வெப்பக் கடல்களுக்குரிய மெல்லிய பருத்தி உடையோடு இருந்த இந்திய மாலுமிகள் அட்லாண்டிக்கின் செப்டம்பர்க் காற்றில் இரவோடு இரவாக விறைத்துச் செத்தார்கள். பன்னிரண்டாம் எண் உயிர்ப்படகு மட்டும் எட்டு நாட்கள் கடலில் கிடந்தது. அதில் 46 பேர்: ஆறு சிறுவர்கள், அவர்களுக்குக் கதை சொல்லி உயிரைப் பிடித்துவைத்த மேரி கார்னிஷ் என்ற இசையாசிரியை, ஒரு பாதிரியார், சில பிரிட்டிஷ் மாலுமிகள், மற்றவர்களில் ஏறக்குறைய எல்லாருமே இந்தியர். எட்டாம் நாள் ஒரு சண்டர்லேண்ட் விமானம் அவர்களைக் கண்டது. பிரிட்டிஷ் நாளிதழ்கள் சிறுவர்களையும் ஆசிரியையையும் கொண்டாடின. கொண்டாட வேண்டியதுதான். அதே படகில் அதே எட்டு நாட்களைக் கழித்த முப்பதுக்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்களை எத்தனை பேர் எழுதினார்கள்? அந்தப் போரில் வணிகக் கப்பல்களில் 6,000க்கும் மேற்பட்ட இந்திய மாலுமிகள் இறந்தார்கள். பிரிட்டிஷ் மாலுமியின் கூலியில் ஒரு சிறு பங்கைப் பெற்றுக்கொண்டு, கப்பலின் அடியில் கொதிகலன் அறையிலும் எஞ்சின் அறையிலும் நின்றவர்கள் அவர்கள். டார்பிடோ முதலில் துளைப்பது அந்த அறைகளைத்தான். அட்லாண்டிக் போரை ஐரோப்பியர்களின் சண்டை என்று நம் பாடநூல்கள் ஒதுக்கிவிடுவது எனக்கு ஆறாத வருத்தம்.

மீண்டும் படகுக்கு வருகிறேன். 1941 மார்ச்சிலேயே முதல் அடி விழுந்துவிட்டது. ‘யூ-47’ ஆட்களோடு மறைந்தது. மார்ச் 17 அன்று ஒரே இரவில் ‘யூ-99’, ‘யூ-100’ இரண்டும் போயின. கிரெட்ஷ்மர் பிடிபட்டார். ‘யூ-100’ இருட்டில் நீர்மேல் இருந்தபோது ‘வேனாக்’ என்ற காவல் கப்பலின் ரேடார் அதைக் கண்டுகொண்டது. கப்பல் நேராக வந்து மோதியது. இருட்டு இனி மறைக்காது என்பதற்கு அதுதான் முதல் எச்சரிக்கை.

அதற்கும் ஓராண்டு முன்பே பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ராண்டல், பூட் என்ற இருவர் உள்ளங்கையில் அடங்கும் மேக்னட்ரான் என்ற கருவியைச் செய்துவிட்டார்கள். பத்து செண்டிமீட்டர் அலைநீளத்தில் இயங்கும் ரேடாரை அது சாத்தியமாக்கியது. சிறிய காவல் கப்பலிலும் விமானத்திலும் அதைப் பொருத்தலாம். அலைகளுக்கு நடுவே ஒரு நீர்மூழ்கியின் கோபுரத்தையும் அது காட்டும். ஜெர்மானியர்கள் ரேடார் அலையை முன்கூட்டியே உணர ஒரு கருவி வைத்தார்கள். அதன் ஆன்டெனா மரச்சட்டத்தில் கம்பி சுற்றிய ஒரு சிலுவை. மேலே வந்ததும் ஒருவன் அதைக் கையில் தூக்கிக்கொண்டு போய்க் கோபுரத்தில் மாட்ட வேண்டும். கம்பி கோபுர வாய் வழியாகக் கீழே வானொலி அறைக்குப் போகும். மூழ்க வேண்டும் என்றால் முதலில் அந்தச் சிலுவையைக் கழற்றி, கம்பியை இழுத்து, கீழே கொண்டுவர வேண்டும். மூழ்குவதற்கு இருப்பதோ முப்பது விநாடி. அதுவும் ஒன்றரை மீட்டர் அலைநீளத்தைத்தான் உணரும். பத்து செண்டிமீட்டரை உணராது.

சங்கேத மொழியும் கைவிட்டது. டோனிட்ஸின் கூட்டத் தாக்குதலுக்கு வானொலிதான் உயிர்நாடி. கூட்டத்தைக் கண்ட படகு செய்தி அனுப்ப வேண்டும், தலைமையகம் மற்றப் படகுகளைக் கூட்ட வேண்டும். அந்தச் செய்திகள் ‘எனிக்மா’ இயந்திரத்தில் மறைமொழியாக்கப்பட்டவை. 1942 பிப்ரவரியில் அட்லாண்டிக் படகுகளுக்கு நான்காவது சக்கரம் சேர்ந்ததும் பிரிட்டனின் மறைமொழி உடைக்கும் மையமான பிளெட்ச்லி பார்க் பத்து மாதம் இருளில் தவித்தது. அந்த இருளை நீக்கியதும் ஒரு ஏழாம் வகைப் படகுதான். 1942 அக்டோபர் 30 இரவு, கிழக்கு மத்தியதரைக் கடலில், ஆழவெடிகளால் அடிபட்டு ‘யூ-559’ மேலே வந்தது. அதன் ஆட்கள் குதித்துவிட்டார்கள். ‘பெட்டார்ட்’ என்ற பிரிட்டிஷ் கப்பலிலிருந்து ஆன்டனி ஃபாசன் என்ற அதிகாரியும் காலின் கிரேசியர் என்ற மாலுமியும் அந்தக் காலிப் படகுக்குள் இறங்கினார்கள். சிற்றுண்டிச் சாலையில் வேலைசெய்த டாமி பிரவுன் என்ற பதினாறு வயதுப் பையனும் கூடப் போனான். உள்ளே தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. இருவரும் கீழேயிருந்து ஏடுகளை எடுத்துக் கொடுக்க, பையன் ஏணிவழியாக மேலே கொண்டுவந்தான். திடீரென்று படகு அமிழ்ந்தது. பையன் மட்டும் தப்பினான். அவர்கள் எடுத்துக் கொடுத்தவற்றில் வானிலைச் செய்திக்கான சுருக்கக் குறியீட்டு ஏடும் இருந்தது. டிசம்பர் 13 அன்று பிளெட்ச்லி மறுபடி அட்லாண்டிக் செய்திகளைப் படிக்கத் தொடங்கியது. கூட்டங்களை நீர்மூழ்கி வரிசைகளிலிருந்து விலக்கி அனுப்ப முடிந்தது. இரண்டு மனிதர்கள், ஒரு ஏணி, சில ஏடுகள். எத்தனை கப்பல்கள், எத்தனை உயிர்கள் அதனால் தப்பின என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும்.

1943 மார்ச்சில் இன்னொரு பெரிய அழிவு நடந்தது. இரண்டு கூட்டங்களில் 22 கப்பல்கள் போயின. ஆனால் மே மாதம் எல்லாம் திரும்பியது. நீண்ட தூரம் பறக்கும் விமானங்கள் அட்லாண்டிக்கின் நடுப்பகுதிவரை எட்டின. சிறிய விமானந்தாங்கிக் கப்பல்கள் கூட்டங்களுடனேயே வந்தன. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் வரும் விமானம் ஐந்து கிலோமீட்டர் தூரத்தை எழுபது விநாடியில் கடக்கும். மேகத்துக்குள்ளிருந்து ரேடாரின் துணையோடு வந்தால் காவலாளி அதைப் பார்ப்பதே கடைசி சில விநாடிகளில். மூழ்கினால் தப்பலாம், ஆனால் மூழ்கிய படகு நான்கு கடல்மைல் வேகத்தில் ஊரும், கூட்டம் போய்விடும். மேலே வர விடாமல் செய்துவிட்டாலே ஏழாம் வகை தோற்றுவிட்டது. அந்த மே மாதத்தில் மட்டும் 41 நீர்மூழ்கிகள் திரும்பவில்லை. 19ஆம் தேதி அழிந்த ‘யூ-954’ படகில் டோனிட்ஸின் இளைய மகன் பீட்டரும் இருந்தான். 24ஆம் தேதி டோனிட்ஸ் வடக்கு அட்லாண்டிக்கிலிருந்து படகுகளைப் பின்வாங்கச் சொன்னார்.

அதற்குப் பிறகு செய்த மாற்றங்களெல்லாம் ஒட்டுவேலை. விமானங்களோடு மேலேயே நின்று சண்டையிடட்டும் என்று ‘யூ-441’ போன்ற சில படகுகளில் விமான எதிர்ப்புப் பீரங்கிகளை நிறைத்தார்கள். சில மாதங்களிலேயே அதைக் கைவிட்டார்கள். எதிரிக் கப்பலின் ஓசையைத் தேடிப்போகும் டார்பிடோ வந்தது. ஓசை எழுப்பும் கருவியொன்றைக் கப்பலுக்குப் பின்னால் இழுத்துச் சென்று நேச நாடுகள் அதை ஏமாற்றின. உருப்படியான மாற்றம் ‘ஸ்நோர்க்கெல்’ குழாய் ஒன்றுதான். டச்சுக்காரர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது. காற்றுக்குழாயின் நுனியை மட்டும் நீர்மேல் நீட்டிக்கொண்டு, உள்ளே டீசலை ஓட்டலாம். 1944 முதல் ஏழாம் வகையில் அதைப் பொருத்தினார்கள். அலை வந்து குழாயின் வாயை மூடிவிட்டால், எஞ்சின் படகுக்குள் இருக்கும் காற்றையே உறிஞ்சும். ஐம்பது பேரின் காதுகளும் வலியில் துடிக்கும். உயிர் காத்தது உண்மை. ஆனால் ஆறு கடல்மைல் வேகத்தில் ஊர்ந்துபோகும் படகால் போரின் போக்கை மாற்ற முடியாது.

மத்தியதரைக் கடலில் இன்னும் கொடுமை. ஜிப்ரால்டர் நீரிணை வழியாக 62 நீர்மூழ்கிகளை, ஏழாம் வகைப் படகுகளையே, உள்ளே அனுப்பினார்கள். ‘ஆர்க் ராயல்’, ‘பார்ஹாம்’, ‘ஈகிள்’ ஆகிய பெரிய போர்க்கப்பல்களை அவை மூழ்கடித்தன. ஒன்றுகூட வெளியே திரும்பவில்லை. கிழக்கிலும் ஒரு கிளை உண்டு: டார்பிடோக்களைச் சுமக்கவென்றே நீட்டிக் கட்டிய 7-எஃப் வகையில் நான்கு, அவற்றில் ‘யூ-1062’, 1944இல் இந்தியப் பெருங்கடல் கடந்து பினாங்குத் துறைமுகம்வரை போய்ச் சேர்ந்தது. திரும்பும் வழியில் அட்லாண்டிக்கில் மூழ்கடிக்கப்பட்டது.

இங்கேதான் என் குற்றச்சாட்டு. 1943 மே மாதத்துக்குப் பிறகு இந்தப் படகு கூட்டங்களை வெல்லாது என்று டோனிட்ஸுக்குத் தெரிந்துவிட்டது. பேட்டரியை மும்மடங்காக்கி நீருக்கடியில் 17 கடல்மைல் வேகம் கொடுக்கும் இருபத்தொன்றாம் வகைக்கு அந்த ஆண்டே ஆணையிட்டார். அதுவே அவர் அறிந்திருந்தார் என்பதற்குச் சான்று. அப்படியிருந்தும் ஏழாம் வகைப் படகுகளைக் கட்டுவதும் நிற்கவில்லை, அனுப்புவதும் நிற்கவில்லை. எதிரியின் கப்பல்களையும் விமானங்களையும் கடலில் கட்டிப்போட வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். இராணுவக் கணக்கில் அதற்கு ஒரு பொருள் இருக்கலாம். அந்தக் கணக்கின் விலையோ, அனுபவமில்லாத இருபது வயதுப் பையன்களின் உயிர். முதல் பயணத்திலேயே போன படகுகள் ஏராளம். நீர்மூழ்கிகளில் பணிபுரிந்த 40,000 பேர் அளவில் 30,000 பேர் திரும்பவில்லை. எந்த நாட்டின் எந்தப் படைப்பிரிவிலும் இவ்வளவு பெரிய விகிதம் அரிது. அவர்கள் தாக்கி மூழ்கடித்த கப்பல்களில் மாண்ட வணிக மாலுமிகளும் பல்லாயிரம். கொல்வதற்கென்று போனவர்கள்தானே என்று முதல் கணக்கை நான் தள்ளிவிட மாட்டேன். ஹிட்லரின் போருக்குக் கடைசிவரை துணைநின்ற தளபதியின் தொழில்திறமையைப் புகழ்ந்து இரண்டாவது கணக்கை மறைக்கவும் மாட்டேன்.

நூரம்பர்க் நீதிமன்றம் டோனிட்ஸுக்குப் பத்தாண்டுச் சிறை கொடுத்தது. ஆனால் நீர்மூழ்கிப் போர் விதிகளை மீறிய குற்றத்தைத் தண்டனைக் கணக்கில் சேர்க்கவில்லை. பசிபிக் பெருங்கடலில் தங்கள் படகுகளும் வணிகக் கப்பல்களை எச்சரிக்கையின்றித் தாக்கியதாக அமெரிக்கத் தளபதி நிமிட்ஸ் எழுத்துமூலம் பதில் அளித்திருந்தது அதற்கு ஒரு காரணம். சட்ட மாணவர்கள் யாராவது இங்கிருந்தால், அந்தத் தீர்ப்பின் அப்பகுதியைத் தேடிப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

போர் முடிந்ததும் சரணடைந்த படகுகளில் 116 படகுகளைப் பிரிட்டன் அயர்லாந்துக்கு வடமேற்கே கொண்டுபோய்க் கடலில் அமிழ்த்தியது. மிஞ்சியவற்றில் சில நார்வே, பிரான்ஸ் கடற்படைகளில் சில ஆண்டுகள் பயிற்சிக்கு உழைத்தன. லாபோவில் நிற்கும் ‘யூ-995’ அப்படி நார்வேயில் 1962வரை பணியாற்றியதே. அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், பிரிட்டன், பிரான்ஸ் நான்கும் போட்டிபோட்டுக்கொண்டு எடுத்துப்போய், பிரித்துப் பார்த்து, தங்கள் அடுத்த தலைமுறை நீர்மூழ்கிகளுக்குப் பாடமாகக் கொண்டதோ இருபத்தொன்றாம் வகையை. ஐந்தரை ஆண்டுகள் போரை நடத்திய 700 படகுகளின் வரைபடத்தை அவற்றில் எந்த நாடும் கையில் எடுக்கவில்லை.